மாரமங்கலத்துப் பிள்ளைகள் தாவரவியல் எடுக்கட்டும்

ஏற்காட்டு மலை மாரமங்கலம் ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன்மார் அண்ணிமாருக்கும், அத்தை மாமாக்களுக்கும், பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் இந்த மடல்.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து வீடுகளில் கூட்டம் குறைந்திருக்கும். கல்லூரிக்கு விண்ணப்பம் போடும் நேரம் இது. எந்த ஊர்க் கல்லூரி, எந்தப் பாடம் என்று ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் பேச்சு நடக்கும். அந்தப் பேச்சில் நானும் கலந்துகொள்ளத்தான் டொரண்டோவிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். விண்ணப்பத்தில் தாவரவியலையும் விலங்கியலையும் கடைசி இடத்தில் எழுதாதீர்கள். நீட் கிடைக்கவில்லை, நர்சிங் கிடைக்கவில்லை, சரி பாட்டனியாவது படிக்கட்டும் என்று பிள்ளையை அங்கே தள்ளிவிடாதீர்கள். நம் மலைப் பிள்ளை முதலிடத்தில் எழுத வேண்டிய பாடம் அது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இங்கே ஒரு கல்லூரியில் முதலாண்டு உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மாணவர்கள் வருமுன் நுண்ணோக்கிகளைத் துடைத்து வைப்பது, கரைசல்கள் கலப்பது, விதை முளைக்கப் போடுவது, அவர்கள் வந்தபின் பக்கத்தில் நின்று காட்டித் தருவது என் வேலை. இந்த நாட்டில் உயிரியல் பட்டத்துக்குப் படிப்பவர், மருந்தியலுக்குப் போகிறவர், மருத்துவம் படிக்க நினைப்பவர் எல்லாரும் பெரும்பாலும் இந்த முதலாண்டு வாசலைத் தாண்டித்தான் போவார்கள். ஒரே அரங்கில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். பல கல்லூரிகளில் கேம்ப்பெல் எழுதத் தொடங்கிய உயிரியல் புத்தகம்தான் பாடநூல். 1987-இல் முதல் பதிப்பு வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். தண்ணீர், கார்பன் என்று வேதியியலில் தொடங்கும். செல், செல் சவ்வு, ஒளிச்சேர்க்கை, சுவாசம், செல் பிரிதல், மெண்டலின் பட்டாணி, டி.என்.ஏ., பரிணாமம், உயிரினப் பல்வகைமை, தாவர உடல், விலங்கு உடல் என்று நடந்து கடைசியில் சூழலியலில் வந்து நிற்கும். ஆய்வகத்தில் வெங்காய வேர்நுனியை நசுக்கிக் குரோமோசோம் பார்ப்பார்கள். உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டு எடை பார்த்துச் சவ்வூடு பரவலைக் கணக்கிடுவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பெரணி வாரம். செரட்டாப்டெரிஸ் என்ற நீர்ப்பெரணியின் ஸ்போர்களை, தூசு போன்ற பொடியை, வட்டக் கண்ணாடித் தட்டில் அகார் மேல் தூவி விளக்கடியில் வைப்பேன். இரண்டு வாரத்தில் நகக்கண் அளவுகூட இல்லாத பச்சைத் தகடுகள் முளைத்திருக்கும். இலை கிடையாது, தண்டு கிடையாது. அதுவும் பெரணிதான், பெரணியின் இன்னொரு பிறவி. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் ஆண் இனச்செல்கள் சுழன்று சுழன்று நீந்தி வெளியே வரும். செடிக்குள்ளிருந்து நீந்தும் உயிரா என்று பிள்ளைகள் கண்ணை எடுக்காமல் பார்ப்பார்கள். முதலில் வளர்ந்த தகடு ஒரு வேதிப்பொருளைச் சுரந்து, பின்னால் முளைக்கும் தகடுகளை ஆணாக வளரச் செய்துவிடும் என்பதையும் அந்தத் தட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நாட்டுப் பிள்ளைகள் பலர் அந்த வாரத்தில்தான் முதன்முதலாக ஒரு பெரணியைக் கையால் தொடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படியா? முடவாட்டுக்கால் தெரியாத வீடு நம் மலையில் உண்டா? பாறையிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டு, பழுப்பு மயிர் மூடி ஆட்டுக்கால் மாதிரி கிடக்கும் அதை மேல்தோல் சீவி, நசுக்கி, மிளகு சீரகம் போட்டு மூட்டுவலிக்கு என்று ஆயா சூப் வைத்துக் கொடுத்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். இப்போது ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கூறுபோட்டு விற்கிறார்கள். அது ஒரு பெரணி. டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்று கல்லூரிப் பாடம் சொல்லும். நாம் கிழங்கு என்பது அதன் மட்டநிலத் தண்டு. அதில் இரண்டு விதமான இலை இருப்பதை மாடு மேய்த்த பிள்ளை கவனித்திருக்கும். ஒன்று பச்சையாக நீண்டு கிழிந்த இலை; அதன் அடியில் புள்ளி புள்ளியாக ஸ்போர்ப் பைகள். இன்னொன்று காம்பில்லாமல் தண்டோடு ஒட்டி, பழுப்பாகக் காய்ந்து சருகுபோல் நிற்பது. அது செத்த இலை இல்லை. மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பிடித்து வைத்து மக்கச் செய்து, மண்ணே இல்லாத பாறையில் தனக்கு வேண்டிய எருவைத் தானே சேர்த்துக்கொள்ளும் இலை. ஒரே செடியில் ஒரு இலை சமைக்கிறது, இன்னொரு இலை எருக்குழி வெட்டுகிறது. டொரண்டோவில் நான் தட்டில் வளர்த்துக் காட்டும் அதே சிறு பச்சைத் தகட்டு வாழ்க்கை, மழைக்காலத்தில் நம் பாறை இடுக்கிலும் மரப்பட்டையிலும் யாரும் பார்க்காமல் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த இரட்டை வாழ்க்கைக்குச் சந்ததி மாற்றம் என்று பெயர். மாஸ், பெரணி, விதைத் தாவரம் எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது என்று 1851-இல் எழுதிக் காட்டியவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியர். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல. அப்பாவின் இசைநூல், புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே விடிகாலையில் நுண்ணோக்கியோடு உட்கார்ந்தவர். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஹைடல்பெர்க் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. உன்னிப்பாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் இடம் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பார்க்கத் தெரியும்.

இனி நம் ஊர்ப் பக்கத்து முதலாண்டுப் பாடத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டு பி.எஸ்சி. தாவரவியலில் முதல் தாளே பெரும்பாலும் பாசி, பூஞ்சை, லைக்கன், மாஸ், பெரணி என்றுதான் இருக்கும். விலங்கியலில் முதுகெலும்பற்றவை முதலில். இங்கே வேதியியலிலிருந்து மேலே ஏறுகிறார்கள். அங்கே ஒவ்வொரு உயிராக எடுத்து உடலமைப்பும் வாழ்க்கைச் சுழற்சியும் படிக்கச் சொல்கிறார்கள். இங்கே ஒரு செமஸ்டரில் இரண்டு மூன்று வாரம் தலைகாட்டும் செடிகொடிகளுக்கு அங்கே ஆண்டு முழுக்க இடம் உண்டு. என்னைக் கேட்டால் நம் பிள்ளைகளுக்கு நம் முறைதான் நல்ல தொடக்கம். ஆனால் அதை எப்படி நடத்துகிறார்கள் என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. பெயரை மனப்பாடம் செய், படத்தைப் பார்த்து வரை, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கு, ஸ்பாட்டர் தேர்வில் மணியடிப்பதற்குள் அடையாளம் எழுது என்று முடிந்துவிடுகிறது. அந்தச் செடி ஏன் அங்கே வளர்கிறது, ஏன் அப்படி வளர்கிறது என்ற கேள்விக்கு நேரம் இருப்பதில்லை.

அந்தக் கேள்விகளுக்கு வேண்டியது முழுக்க நம் தோட்டத்தில் இருக்கிறது. காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் நம் மலைக்கு வந்த செடி அது. நம் அரபிகாவுக்கு 44 குரோமோசோம், ரொபஸ்டாவுக்கு 22. ரொபஸ்டா இனமும் யூஜினியாய்டிஸ் என்ற இன்னொரு காட்டு இனமும் ஆப்பிரிக்காவில் என்றோ கலந்து, குரோமோசோம் இரட்டித்துப் பிறந்ததுதான் அரபிகா. முதலாண்டு மரபியலுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? இலைத்துரு வந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடிக்கிறோமே, அந்தத் துருவின் பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். பூஞ்சைப் பாடத்தில் வரும். 1869-இல் இலங்கையில் தென்பட்டு, பின்வந்த ஆண்டுகளில் அந்த நாட்டின் காப்பித் தோட்டங்களையே அழித்து, அவர்களைத் தேயிலைக்கு மாற வைத்த பூஞ்சை அது. தண்டுத் துளைப்பான் வண்டு வெயில்படும் தண்டில்தான் முட்டை வைக்கும் என்பதால் நிழல் மரம் கழிக்கும்போது பார்த்துக் கழிக்கச் சொல்வார் நம் பெரியவர்கள். அது விலங்கியல் தாளில் பூச்சிகளின் உருமாற்றம். கேழ்வரகும் காப்பியும் ஒரே வெயிலில் கார்பனை வேறு வேறு வழியில் பிடிப்பது தாவரச் செயலியல். பலாப்பழம் ஒரு பூவின் கனி இல்லை, ஒரு பூங்கொத்து முழுவதும் சேர்ந்து ஆன கூட்டுக்கனி என்பது புற அமைப்பியல். காட்டுமாடு மேய்ந்ததைத் திரும்ப அசைபோடுவதும், நான்கு அறை இரைப்பையும் வேறொரு தாள்.

இந்தப் பாடத்தை எழுதியவர்களில் தமிழ்நாட்டில் இருந்து வேலை பார்த்தவர்களும் உண்டு. பாசித் தாளில் ஃபிரிட்ஷியெல்லா என்று ஒன்று வரும். நீரில் வாழ்ந்த பாசி எப்படி நிலத்துக்கு ஏறியிருக்கும் என்று காட்ட இன்றும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். 1932-இல் அதை உலகுக்குச் சொன்னவர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் எம்.ஓ.பி. அய்யங்கார். அதே 1932-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஃபைசன், தென்னிந்திய மலைவாசத் தலங்களின் செடிகள் பற்றிய நூலை வெளியிட்டார். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலோடு ஏற்காடும் அதில் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியத்தை வளர்த்தெடுத்த பாதிரியார் கே.எம். மேத்யூ 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுப்பிலும் நம் மலை இருக்கிறது. 1963-இல் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறை ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் அமைத்தது. சேர்வராயன் பெயரையே தாங்கிய வெர்னோனியா செவராயென்சிஸ் என்ற மரத்துக்குப் பெயர் வைத்தவர் தாவரவியலாளர் கேம்பிள். ஏற்காட்டின் பெயரைத் தாங்கிய நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்ற சிறு பல்லியை 2000-இல் இந்திரனீல் தாஸும் ஆரன் பாவரும் விவரித்து எழுதினார்கள். வருகிறவர்கள் எல்லாரும் நம் மலையைப் படித்துப் பெயர் வைத்துப் போகிறார்கள். அடுத்த பெயரை வைப்பது மாரமங்கலத்துப் பெண்ணாக ஏன் இருக்கக் கூடாது? கேட்கும்போது எனக்கு மார்பு விம்முகிறது.

ஆனால் முதலாண்டு எளிதாக இருக்காது. அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பிள்ளை இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய், விடுதியில் தங்கி, ஆங்கிலத்தில் எழுதிப் போடும் சொற்களுக்கு நடுவே உட்காரும். தமிழ்வழி எடுத்தாலும் லத்தீன் பெயர்கள் விடாது. நான் படித்தபோது என் ஆசிரியர் ஒருவர், மலைப் பிள்ளைக்கு இதெல்லாம் வராது என்று வகுப்பில் சொன்னார். அன்று முழுக்க நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் தண்டை பிளேடால் மெல்லிய குறுக்குவெட்டு எடுக்கச் சொன்னபோது, சாஃப்ரானின் சாயம் ஏறி வாஸ்குலார் கற்றைகள் தெளிவாகத் தெரிந்தது என் கண்ணாடித் துண்டில்தான். கத்தி பிடித்துப் பழகிய கை அது. இந்தக் கையும் கண்ணும் நம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. சொற்கள் பழகும்வரை அவர்களை அங்கே நிற்க வைப்பதுதான் நம் வேலை.

முதலாண்டில் பிள்ளைகள் உதிர்வது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அறிவியல், கணக்குப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்பில் தோற்பவர் நூற்றுக்கு 33.8 பேர். பிள்ளைகள் தாங்களே செய்து, பேசி, விவாதித்துப் படிக்கும் வகுப்பில் 21.8 பேர். 2020-இல் எல்லி தியோபால்ட் குழு மேலும் பார்த்தது. வசதி குறைந்த, பின்தள்ளப்பட்ட சமூகப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தேர்ச்சியில் இருந்த இடைவெளி, அப்படிப்பட்ட வகுப்பில் 45 சதவீதம் சுருங்கியது. கல்லூரி எப்படி நடத்துகிறது என்பது நம் கையில் இல்லை. ஆனால் லீவில் வரும் பிள்ளையை உட்காரவைத்து, நீ படித்ததைக் காட்டு பார்க்கலாம் என்று காட்டுக்குக் கூட்டிப்போவது நம் கையில் இருக்கிறது. அந்தப் பிள்ளை உங்களுக்குப் பாடம் சொல்லட்டும். நீங்கள் அதற்குச் செடி காட்டுங்கள்.

வேலை கிடைக்குமா என்று மாமாமார் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் கஷ்டம்தான். பி.எட். சேர்த்தால் ஆசிரியர் வேலைக்கு வழி. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத் தொழில் பழகுநர் தேர்வுக்கும், இந்திய வனப்பணித் தேர்வுக்கும் தாவரவியல், விலங்கியல் பட்டம் தகுதி. நம் காட்டுக்கு வரும் வன அதிகாரி நம் மலையாளிப் பழங்குடி வீட்டுப் பிள்ளையாக இருந்தால் எத்தனை விஷயம் மாறும் என்று யோசியுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் நாம்தான் அதிகம், மூன்றரை லட்சம் பேருக்கு மேல். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். உதவித்தொகையும் உண்டு. தவளை அறுக்க வேண்டுமே என்று பயப்படும் அம்மாக்களுக்கு ஒரு செய்தி: பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014-இல் விலங்குகளை அறுப்பதையே நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க மேலும் இரண்டு உண்டு.

ஆண்டுதோறும் சமவெளியிலிருந்து கல்லூரிப் பேருந்துகள் தாவரவியல் சுற்றுலா என்று ஏற்காட்டுக்கு வருகின்றன. மாஸும் பெரணியும் செலாஜினெல்லாவும் சேகரித்து, செய்தித்தாளில் அழுத்திக் கொண்டுபோகிறார்கள். அந்த ஆசிரியர்களிடம் பேசுங்கள். எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேரையும் உங்களோடு அழைத்துப் போங்கள், நாங்கள் வழி காட்டுகிறோம் என்று சொல்லுங்கள். ஒட்டித் தைத்த ஹெர்பேரியத் தாள்களில் ஒரு படி நம் பள்ளிக்கும் கேளுங்கள். அரிதான செடியை வேரோடு பிடுங்க விடாதீர்கள். முடவாட்டுக்காலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு பாறையிலிருந்து தண்டு முழுவதையும் உரித்தெடுத்தால் அது மறுபடி அங்கே ஸ்போரிலிருந்து முளைத்து இலைவிட்டு நிமிர எவ்வளவு காலமாகும் என்று தாவரவியல் படித்த நம் பிள்ளை கணக்கெடுத்துச் சொன்னால், விற்பவர்களும் கேட்பார்கள்.

இரண்டாவது, 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு உண்டு. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுவது அதன் பொறுப்பு. ஊரில் என்ன நெல், என்ன சாமை, என்ன மூலிகை, என்ன மாடு, யாருக்கு எதைப் பற்றித் தெரியும் என்று எழுதி வைக்கும் ஏடு. நாளை யாராவது நம் மூலிகை ஒன்றை மருந்தாக்கி விற்கப் போனால், அதில் ஊருக்குப் பங்கு கேட்கும்போது கைகொடுக்கும் ஆவணம் அது. மாரமங்கலம் ஊராட்சிப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். எழுதியது போதாது என்றால் முதலாண்டு படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்து விரித்து எழுதச் சொல்லுங்கள். ஆயாக்கள் சொல்லச் சொல்ல அவர்கள் நம் பெயரையும் லத்தீன் பெயரையும் சேர்த்து எழுதட்டும். எதை வெளியே சொல்லலாம், எதை ஊருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யுங்கள்.

இந்த ஆண்டு தாவரவியலோ விலங்கியலோ எடுக்கும் பிள்ளைகள் எனக்கு எழுதுங்கள். கைலென்ஸ் ஒவ்வொருவருக்கும் ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது, வாங்கி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாலை நேரத்தில் வீடியோவில் வருகிறேன். எனக்கு அது காலை. முதல் செமஸ்டர் பாசித் தாளிலிருந்து தொடங்குவோம். யார் யார், எந்தக் கல்லூரி, தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று சேர்க்கை முடிந்ததும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்,
டொரண்டோ